புதன்கிழமை டீச்சரும் ரெண்டாயிரத்துச் சொச்சம் கோடியும்

எங்கள் சித்தப்பாவுக்கு மூணு வயசில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. ஆறு வயசில் அப்பாயி அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போயிருக்கிறது. வாத்தியார் சொன்ன வார்த்தையை எங்கள் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. "தெருவுப் புள்ளைங்களச் சேக்கறதே பெரும்பாடா இருக்கு. இதுல நொண்டிப் புள்ளய வேற கொண்டாந்துட்டியா?" அப்பாயி திரும்பி வந்துவிட்டது. சித்தப்பா நாற்பது வருசம் ஊர்க்காரன் ஆட்டை மேய்த்தார், காலை இழுத்து இழுத்து. எட்டாத ஆட்டைக் கல்லால் அடித்துத் திருப்பியதில் அவருக்கு வலது கையில் அப்படி ஒரு குறி. அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு.

ஊர்த்தெரு சித்தப்பாவைப் பார்த்து "போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுனானோ" என்றது. எங்கள் தெரு மொத்தத்தையும் பார்த்தும் அது அதையேதான் சொல்லிவந்தது. சேரியில் பிறந்தாலும் பாவம், கால் சூம்பினாலும் பாவம். ஒரே சாஸ்திரம், ஒரே தீர்ப்பு. சேரியில் கால் சூம்பிப் பிறந்தவனுக்கு இரட்டைத் தண்டனை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சிறப்புக் கல்வி, நிதி ஒதுக்கீடு, புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றெல்லாம் பேச ஆரம்பித்ததும் இது ஏதோ கணக்குப் பிள்ளைகளின் விவகாரம் என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடாது. அந்த வாத்தியார் செத்துப்போய்விட்டார். அவர் சொன்ன வாக்கியம் சாகவில்லை. இன்றைக்கு அது அலுவலகக் கடிதத்தில், மரியாதையான மொழியில் வருகிறது.

வேப்பூர் ஒன்றியத்தில் ஒரு காலனி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன், பதினொரு வயசு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குக் காற்றுப் போகாமல் கை கால் முறுக்கிக்கொண்டது. மூளை முடக்குவாதம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அப்பா திருப்பூரில். அம்மா வெங்காயக் களை, பருத்தி எடுப்பு, மக்காச்சோளம் ஒடிப்பு என்று எது கிடைத்தாலும் போகிறவர். பையனால் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. பள்ளியில் அழகான சாய்தளம் கட்டிக் கைப்பிடியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் காலனியிலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் ரோடு கிடையாது, மழை பெய்தால் சேறு. (ஊர்ப் பக்கத்திலிருந்து போனால் சிமெண்ட் ரோடு.) ஆகவே வீட்டுவழிக் கல்வி. 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கடுமையான ஊனமுள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று ஓர் உரிமையாக இதைச் சேர்த்தார்கள். அந்த உரிமை ஒவ்வொரு புதன்கிழமையும் டவுன் பஸ்ஸில் இறங்கி, தோளில் ஒரு பையோடு ரெண்டு கிலோமீட்டர் நடந்து வந்தது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர். "புதங்கெழம டீச்சர்" என்றுதான் காலனியே சொல்லும்.

அந்த அம்மா வந்து என்ன செய்துவிட்டார்? இதைக் கேட்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. முதல் ஆறு மாசம் கழுத்து நிற்கப் பழக்கினார். தலையணையை எப்படி முட்டுக்கொடுப்பது, சோற்றை எப்படி ஊட்டினால் புரையேறாது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அட்டையில் படங்கள். தண்ணி ஒரு படம், சோறு ஒரு படம், ஒண்ணுக்கு ஒரு படம். ஒன்றரை வருசம் கழித்து ஒருநாள் பையன் முறுக்கிய விரலைக் கொண்டுபோய் ஒண்ணுக்குப் படத்தில் வைத்தான். அவ்வளவுதான். கல்வியாளர்கள் இதைக் கற்றல் அடைவு என்பார்கள். அவன் தாய் என்னிடம் சொன்னது வேறு:

"அன்னைக்கிருந்துதாண்ணே நான் வேலைக்கிப் போனேன். அதுக்கு முன்ன பக்கத்துல யாராச்சும் இல்லாம வுட்டுட்டுப் போவ முடியாது. நனைச்சிக்கிட்டே கெடப்பான், புண்ணு வந்துரும். இப்ப எங்கம்மாகிட்ட தொட்டுக் காட்டிருவான். எனக்கு ஒரு நாள் கூலி மிச்சம்ணே."

ஒரு பிள்ளையின் விரல் ஒரு படத்தைத் தொட்டதில் ஒரு பெண்ணின் கூலி இருக்கிறது. கூலிப் போராட்டம், நிலப் போராட்டம் எல்லாம் முடியட்டும், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற தோழர்களுக்கு இதற்குமேல் நான் என்ன விளக்குவது?

2024 முடியும்போது புதன்கிழமை ஒன்று விட்டு ஒன்றானது. அடுத்த வருசம் மாசத்துக்கு ஒன்று. டீச்சரைக் குறை சொல்லவில்லை. தொகுப்பூதியத்தில் பதினேழு வருசம் வேலை பார்த்தவர், அவரும் நம் பெண்தான். சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது, பயணப்படி வரவே இல்லை, போதாததற்கு ஆள் குறைந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். "பஸ்சுக்குக் கைக்காசு போட்டு எத்தன நாளைக்கி வர்றது தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்று பார்க்கப்போனால் கதை டில்லியில் இருக்கிறது. 2018இல் அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சி மூன்றையும் ஒன்றாகக் கட்டி சமக்ர சிக்ஷா என்று பெயர் வைத்தார்கள். நூறு ரூபாயில் அறுபது ஒன்றிய அரசு, நாற்பது மாநில அரசு. ஊனமுற்ற பிள்ளைகளுக்கான ஏற்பாடு மொத்தமும் இந்த ஒரே சாக்குக்குள் அடைபட்டது: சிறப்பாசிரியர் சம்பளம், இயன்முறை மருத்துவர், மருத்துவ முகாம், வழித்துணைக்கு வருகிறவருக்குப் படி, போக்குவரத்துப் படி. 2022இல் பி.எம்.ஸ்ரீ என்று இன்னொரு திட்டம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் புதிய கல்விக் கொள்கையை முழுசாக ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தமிழ்நாடு போடவில்லை. 2024இல் சமக்ர சிக்ஷாவின் முதல் தவணை 573 கோடி வரவில்லை. அந்த நிதியாண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியும் நின்றது. ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்கு இன்னொரு திட்டத்தின் காசைப் பிடித்து வைப்பது. எங்கள் பக்கத்துப் பண்ணையார் இப்படித்தான் செய்வார். அவர் தோட்டத்துக்கு வேலைக்கு வரவில்லை என்றால், வேறு வயலில் செய்த வேலைக்கான நெல்லை அளக்கமாட்டார்.

2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் வாரணாசியில் வைத்துப் பேசினார், தமிழ்நாடு கொள்கையை ஏற்றாகவேண்டும் என்று. மார்ச்சில் மக்களவையில் தமிழ்நாட்டு ஆளுங்கட்சிக்காரர்களை நாகரிகம் இல்லாதவர்கள் என்றார். கூச்சல் எழுந்ததும் வார்த்தையைத் திரும்பப் பெற்றார். ஒருநாள் அந்த வார்த்தை பட்டதற்கே தமிழ்நாடு கொதித்தது. கொதித்ததில் தப்பில்லை. அதே வார்த்தையைத் தலைமுறை தலைமுறையாக வாங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ள இதுவரை யாரும் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். அதே மார்ச்சில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பி.எம்.ஸ்ரீயைக் காட்டி மாநிலங்களின் சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்தியது நியாயமில்லை என்று அறிக்கை கொடுத்தது. மே மாசம் தமிழ்நாடு அரசு வட்டியோடு 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது.

இந்தப் பணம் எந்த பட்ஜெட்டிலும் வெட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நிர்மலா சீதாராமன் வாசித்த எந்தக் காகிதத்திலும் 'வேப்பூர் ஒன்றியத்துப் பையனின் புதன்கிழமை ரத்து' என்று இல்லை. ஒதுக்கீடு ஒதுக்கீடாகவே இருக்கிறது. கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வெட்டினால் வெட்டியவன் கை தெரியும், சண்டை போடலாம். கொடுக்காமல் இருப்பதற்குக் கை கிடையாது. நமக்கு இது புதுசா? தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மேல்படிப்பு உதவித்தொகை 1944இல் ஆரம்பித்தது. திட்டத்தை யாரும் ஒழிக்கவில்லை. மாநிலம்தான் சுமக்கவேண்டும் என்று ஒரு சூத்திரத்தைப் போட்டு ஒன்றிய அரசு தன் பங்கைத் தேய்த்துக்கொண்டே போனது. 2020 டிசம்பரில்தான் அறுபதுக்கு நாற்பது என்று ஒரு கணக்குக்கு வந்தார்கள். அதற்குள் எத்தனை பிள்ளைகள் கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கட்டமுடியாமல் சான்றிதழை விட்டுவிட்டு வந்தார்கள் என்பது இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு என்னைவிடத் தெரியும்.

இப்படிப் பிடித்து வைத்த காசு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்று தெரியுமா? சமக்ர சிக்ஷா விதிப்படி ஊனமுற்ற பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். நாளைக்குப் பத்து ரூபாய்கூட வராது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்க முடியாது. பெண் பிள்ளையாக இருந்தால் மாசம் 200 வீதம் பத்து மாசத்துக்கு ஊக்கத்தொகை. செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டு ஓரத்தில் ஒரு காது கேளாத பெண், எட்டாம் வகுப்பு. முகாமில் கொடுத்த காதுக்கருவிக்கு பேட்டரி வாங்க அந்த 200 ரூபாய் உதவியது. அது வராதபோது கருவி கொட்டாங்கச்சியில் போட்டு மாடத்தில் வைக்கப்பட்டது. "அது கெடந்துட்டுப் போவுது, சாடையில பேசிக்கிறோம்" என்கிறார் அவள் அத்தை. பள்ளியில் சாடை தெரிந்த ஆள் யாரும் இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் கரும்பலகையைப் பார்த்துப் படம் வரைவது போல எழுத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. அர்த்தம் கேட்டால் சிரிக்கிறாள்.

சரி, டில்லிதான் வில்லன், தமிழ்நாட்டின் பக்கம் நிற்போம், இந்த நேரத்தில் மாநில அரசைக் கேள்வி கேட்பது எதிரிக்குத் துணைபோவது என்று சொல்கிற நண்பர்களிடம் கொஞ்சம் உரக்கவே பேசவேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போடாதது சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கொள்கை நம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரியும். நுழைவுத் தேர்வு என்ன செய்யும் என்பதைச் செந்துறை குழுமூரில் 2017 செப்டம்பர் 1ஆம் தேதி பார்த்துவிட்டோம், 1,176 மார்க் வாங்கிய அனிதாவை இழந்த மண் அது. ஆனால் மானத்தோடு மறுக்கிறவன் அந்த மறுப்புக்கான விலையைத் தன் பையிலிருந்து கொடுக்கவேண்டும். மறுத்தவர் கோட்டையில் இருக்கிறார், விலையைக் கொடுப்பது காலனிப் பையன் என்றால் அது என்ன மாநில சுயாட்சி?

சிறப்பாசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் நிறுத்தி வைத்திருந்தது டில்லியா? இருபது வருசத்துக்கு மேலாக, ரெண்டு கழக ஆட்சிகளிலும், அவர்கள் திட்டப் பணியாளர்கள். திட்டம் இருந்தால் சம்பளம், தவணை வந்தால் சம்பளம். கணக்கு வாத்தியாருக்கு டில்லிக் காசு வராவிட்டாலும் மாசம் பிறந்தால் சம்பளம் உண்டு. ஊனமுற்ற பிள்ளையின் வாத்தியாருக்கு மட்டும் ஏன் கிடையாது? அவர் பிள்ளைகள் நிரந்தரமில்லையா? உச்ச நீதிமன்றம் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021லேயே சொன்னது, சிறப்பாசிரியர்களுக்கு விகிதம் வகுத்து நிரந்தரப் பணியிடம் உண்டாக்கு என்று. 2022இல் விகிதமும் வந்தது: தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர். 2025 மார்ச் 7ஆம் தேதி மறுபடியும் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது, பணியிடங்களை அறிவித்து நிரப்பு என்று. மூன்று உத்தரவுக்குள் நான்கு வருசம். பெரம்பலூரில் நாலு ஒன்றியம், அரியலூரில் ஆறு ஒன்றியம். பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்று எந்த ஊரிலாவது யாராவது பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

காசு இல்லை என்பார்கள். 1927 மார்ச் 12ஆம் தேதி பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் எழுந்து ஒரு கணக்கு வாசித்தார். அரசு ஆளுக்குப் பதினாலு அணா படிப்புக்குச் செலவழிக்கிறது, சாராய வரியாக ஆளுக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல் பிடுங்குகிறது, குறைந்தபட்சம் பிடுங்கிய அளவுக்காவது படிப்புக்குக் கொடு என்று கேட்டார். நூறு வருசம் ஆகப்போகிறது. டாஸ்மாக்கில் அரசுக்கு வருசத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வருகிறது. அந்தக் காசில் எங்கள் தெருக் காசு எவ்வளவு என்று கணக்கெடுத்தால் தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலும் தெரியும். அதில் ஒரு துளி போதும், இந்தப் பத்து ஒன்றியத்துக்கும் புதன்கிழமை மட்டுமல்ல, திங்கள் செவ்வாயும் டீச்சர் வருவார்.

அரியலூருக்கு இன்னொரு காசும் உண்டு. சுண்ணாம்புக்கல். ஊரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள், அரசு ஆலையும் உண்டு, தனியார் ஆலைகளும் உண்டு. லாரி போய்க்கொண்டே இருக்கிறது, முருங்கை இலைகூட சாம்பல் நிறத்தில் இருக்கிறது. 2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, தோண்டுகிறவன் கொடுக்கிற உரிமைத் தொகையோடு ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்டவேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் முன்னுரிமை இனமாகக் கல்வி இருக்கிறது, முதியோர் - ஊனமுற்றோர் நலன் இருக்கிறது. டில்லியில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, கலெக்டர் ஆபீசிலேயே இருக்கிற பெட்டி அது. தூசியை எங்கள் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு காதுக்கருவி பேட்டரி ஏன் வரக்கூடாது என்று கிராம சபையில் கேட்டால், "அது வேற ஹெட்டுப்பா" என்கிறார்கள். ஹெட்டு, சப்-ஹெட்டு. மனுவின் காலத்திலும் இப்படித்தான் தலை, தோள், தொடை, கால் என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

பெயர் மட்டும் தாராளமாகக் கொடுப்பார்கள். நமக்கு ஹரிஜன் என்றார்கள். ஊனமுற்றோருக்கு 2010இல் மாற்றுத்திறனாளி என்று பெயர் சூட்டித் தனித் துறையும் அமைத்தார்கள். துறை அமைத்தது நல்லதுதான், 2025இல் உள்ளாட்சி அமைப்புகளில் அவர்களை நியமன உறுப்பினராக்கச் சட்டம் கொண்டுவந்ததும் நல்லதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றுத்திறனாளி என்று எட்டு எழுத்துச் செலவழித்துக் கூப்பிடுகிறவர்கள், அவர் வீட்டுக்குப் போகிற டீச்சரின் பஸ் சார்ஜுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

இனி நம் பக்கம். இதை எழுதுவதில்தான் எனக்குத் தயக்கம் இருந்தது. அம்பேத்கர் 1920இல் தொடங்கிய பத்திரிகை மூக்நாயக். ஊமைகளின் தலைவன் என்று பொருள். பேச விடாமல் அடக்கப்பட்ட சனத்துக்கு அந்தப் பெயர் அன்றைக்குத் தேவைப்பட்டது. ஆனால் நாம் அதையே பிடித்துக்கொண்டு நூறு வருசமாக மேடையில் 'ஊமைச் சனங்கள்', 'குருட்டுச் சமூகம்', 'முடமாக்கப்பட்ட இனம்' என்று முழங்கிக்கொண்டிருக்கிறோம். செந்துறைப் பெண்ணின் அத்தை கூட்டத்துக்கு வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? நமக்கு ஊமை என்பது உவமை. அவர் வீட்டில் அது பன்னிரண்டு வயசுப் பிள்ளை. நம்மைச் சாதிப் பெயரால் ஏசினால் வழக்குப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். நம் தெருவில் ஒருத்தரை நொண்டி, பொட்டை, செவிடு என்று கூப்பிட்டால் அது கூப்பிடுகிற பெயர். என் சித்தப்பாவின் இயற்பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் செத்தபோது ஒட்டிய போஸ்டரில் அடைப்புக்குறிக்குள் அந்த இன்னொரு பெயரைப் போட்டால்தான் ஆளுக்குத் தெரியும் என்று போட்டோம். நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர் என்று அதே கணக்கு சொல்கிறது. இந்த ரெண்டு கூட்டமும் சந்திக்கிற இடத்தில்தான் அந்தப் பையன் படுத்திருக்கிறான். நம் இயக்கங்களின் தீர்மானங்களை நான் தேடித் தேடிப் பார்த்தேன். பஞ்சமி நிலம் இருக்கிறது, உள்ளாட்சி இருக்கிறது, துணைத்திட்ட நிதி இருக்கிறது. சிறப்பாசிரியர் என்ற வார்த்தை என் கண்ணில் படவில்லை. ஊனமுற்றோர் சங்கங்களின் கோரிக்கைகளையும் பார்த்தேன். அங்கே காலனி என்ற வார்த்தை படவில்லை. துணைத்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான பணத்தை அவர்களுக்கே திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும் என்று சொல்கிற சட்டம். அதில் வருகிற திட்டங்களில் காலனிக்கு வரும் சிறப்பாசிரியரை ஓர் இனமாகச் சேர்க்கச் சொல்லி நாம் ஏன் கேட்கவில்லை? யாரும் தடுக்கவில்லையே. நமக்குத் தோன்றவில்லை.

போன அக்டோபரில் கிராம சபையில் நாங்கள் ஆறு பேர் ஒரு மனு கொடுத்தோம். புதன்கிழமை டீச்சர் வாரா வாரம் வரவேண்டும், அவருக்குப் பயணப்படி கனிம நிதியிலோ வேறு எதிலோ கொடுக்கவேண்டும், காலனியிலிருந்து பள்ளிச் சாய்தளம் வரைக்கும் ரோடு போடவேண்டும் என்று மூணு கோரிக்கை. பையனின் தாயும் வந்திருந்தார், அன்றைய கூலியை விட்டுவிட்டு. தெருவிளக்கும் தண்ணீர்த் தொட்டியும் பேசி முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். தீர்மான நோட்டில் எழுதச் சொன்னோம். செயலாளர் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று கொஞ்சநேரம் புரட்டிப் பார்த்தார். சுகாதாரத்திலும் வராது, கல்வி என்றால் பள்ளிக் கட்டடம்தான், சமூக நலத்தில் முதியோர் பென்சன் இருக்கிறது என்றார். கடைசியில் 'இதர' என்று போட்டு அதன் கீழ் ரெண்டு வரி எழுதினார். பையனின் தாய் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார். அட்டைகளை வைத்துப் பையனுக்குப் பழக்கும்போது டீச்சர் அவருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.